உப்பிய எழுத்தும் முதலை மடுவும்

ஒரு காட்டில் இரண்டு மடு. கிழக்கு மடுவில் புதிதாக ஒரு முதலை வந்து குடியேறியிருந்தது. மேற்கு மடுவில் தவளையைத் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் பாருங்கள், பழகின கால் எங்கே கேட்கிறது, எல்லாரும் கிழக்குக்கே தண்ணீருக்குப் போனார்கள்.

செவந்தி என்கிற மான் இதைப் பார்த்தாள். அவளுக்கு இருப்பது ஒரே குட்டி. அதுவோ சொல்பேச்சுக் கேட்காது. கூட்டம் எங்கேயோ அதுவும் அங்கே. ஓடினாள், பலகை எழுதும் பச்சோந்தி ஓந்தியப்பனிடம்.

"அண்ணே, 'முதலை உண்டு, இறங்காதீர்'னு ஒரு பலகை வேணும்."

"எழுதிட்டாப் போச்சு தங்கச்சி. நம்ம எழுத்துலயே போட்டுர்றேன்."

அவனுடைய எழுத்து ஒரே எழுத்துத்தான். பழைய இசைத்தட்டு உறையில் வருமே, அந்த ரகம். எண்ணெயில் போட்ட அப்பம் மாதிரி உப்பி, வெயிலில் வைத்த மெழுகு மாதிரி வழிந்து, ஒன்றன் இடுப்பில் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். ஆரஞ்சு, ரோஸ், கத்தரிப்பூ நிறம். கரடி வீட்டுக் கல்யாணத்துக்கும் அதுதான், யானைத் தாத்தா கருமாதிக்கும் அதுதான். கருமாதிக்கு வந்தவர்கள் பன்னீர் எங்கே என்று கேட்டார்கள்.

"படிக்க வராதேண்ணே?"

"படிக்கிறதுக்கு வேற எழுத்து இருக்கு தங்கச்சி. இது பாக்குறதுக்கு."

பலகையை நட்டதும் கிழக்கு மடுவில் திருவிழாக் கூட்டம். ஆளுக்கொரு செல்போன். பலகை முழுசும் படத்தில் விழ வேண்டுமென்று ஓர் எருமை பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து மடுவுக்குள் விழுந்தது. முதலைக்கு எழுந்து வருகிற வேலைகூட இல்லை, வாயைத் திறந்ததோடு சரி. அடுத்ததாகப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது செவந்தியின் குட்டி. காதைக் கவ்வி இழுத்து வந்தாள்.

அன்று சாயங்காலமே பலகையைப் பிடுங்கி, பல்லால் இழுத்துப் போய் மேற்கு மடுவில் நட்டாள். அங்கே முதலை இல்லை, பலகை சொல்வது பொய்தான். இருக்கட்டுமே, யார் படிக்கப் போகிறார்கள்?

மறுநாள் காடே மேற்கில் நின்றது. குட்டியும் அங்கேதான். செவந்தி நிம்மதியாக ஒரு வாய் புல் தின்றாள்.

கிழக்கு மடுவில் முதலைக்கு வாய் திறந்து திறந்து தாடை வலித்தது. "எல்லாரும் எங்கடா?" என்று கொக்கைக் கேட்டது.

"பலகை பாக்கப் போயிருக்காங்க மாமா."

முதலையும் நடந்தது. மேற்கு மடுவில் யாரும் அலறவில்லை. எல்லார் கண்ணும் பலகையில். முதலையும் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, பக்கத்துக் குரங்கைக் கேட்டது:

"என்னப்பா எழுதியிருக்கு?"

"தெரியலைங்க. ஆனா நல்லாருக்கு, இல்ல?"

"நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லித் தண்ணீருக்குள் இறங்கியது.

பார்த்தது செவந்தி ஒருத்திதான். "ஐயோ! முதலை உண்டுன்னுதான் அதுல எழுதியிருக்கு! ஓடுங்க!" என்று குதித்தாள்.

"குதிக்காதக்கா, படம் ஆடுது," என்றது குரங்கு.

குட்டியின் காதைக் கவ்விக் கிழக்குக்கு இழுத்து வந்தாள். மடு வெறிச்சோடிக் கிடந்தது. தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது.

"இங்க பலகையே இல்லையேம்மா," என்று குட்டி அழுதது.

"வாயை மூடிட்டுக் குடி," என்றாள்.

மேற்கே தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. குரங்கு பின்னால் நகர்ந்திருக்கும்.

நீதி: எச்சரிக்கைப் பலகை ஒருநாளும் பொய் சொல்லாது. முதலை வந்து சேரும்வரை கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.