இடிப்பு ஜட்ஜுக்கு வெடித்த சரவெடி

பாகூர் பக்கத்தில் இத்தனை பேர் வாயால் திட்டு வாங்கிய மனிதர் இன்னொருவர் கிடையாது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்கூட அவரைத்தான் திட்டுவோம். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. வீட்டு கேட் தூணில் கல்வெட்டாகவே பதித்திருந்தார். ஆனாலும் ஊருக்கு அவர் இடிப்பு ஜட்ஜ்தான்.

ஏரிக்கரையில் இருந்த எங்கள் வீடுகளை ஆக்கிரமிப்பு என்று இடிக்கச் சொன்னவர் அவர். முதலில் போனது என் வீடு. மண்சுவர், தகரக்கூரை; பொக்லைனுக்கு அது ஒரு வேலையே இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்த நான் அதோடு ஊரையும் விட்டேன். திருப்பூரில் சாயப்பட்டறை, ஓசூரில் லாரி கிளீனர், வேலை இல்லாதபோது பஸ் ஸ்டாண்டு. திரும்பி வந்து பார்த்தால், ரிட்டையரான ஜட்ஜ் எங்கள் ஊரிலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறார்! கேட்டதற்கு, "வேற ஊர்ல என்னை யாருக்குத் தெரியும்?" என்றாராம்.

ரிட்டையரான விஷயம் அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். டீக்கடையில் ஒருவன் பஜ்ஜியில் உப்பில்லை என்றால், மாஸ்டர் தரப்பையும் கேட்பார். சாட்சியமாக இரண்டு பஜ்ஜி தின்பார். தீர்ப்பு நாளைக்கு என்று எழுந்து போய்விடுவார். ஒருமுறை ஒரு கோழிக்கு இரண்டு பேர் சண்டை. "அவுத்து வுடு. எந்த வூட்டுக்குப் போவுதோ அவங்களுது" என்றார். கோழி நேராக ஜட்ஜ் வீட்டுக்குள் போனது. தீர்ப்பை மாற்ற முடியாது என்று அவரே வைத்துக்கொண்டார்.

மீன் விற்கும் கோவிந்தன் அண்ணனுக்கும் ஏரிக்கரையில் வீடு போயிருந்தது. தினமும் ஜட்ஜ் வாசலில் வண்டியை நிறுத்தி, "வூட்ட இடிச்சவன் வூட்டுக்கு மீன் இல்ல!" என்று கூவிவிட்டுத்தான் போவார். ஒருநாள் ஜட்ஜ் வெளியே வந்தார்.

"கத்தி இன்னா பிரயோஜனம்? மேல்கோர்ட்டுக்குப் போ. நானே எழுதித் தரேன்."

"உன் தீர்ப்ப எதுத்து நீயே எழுதுவியா?"

"அதுல எங்க ஓட்டைன்னு என்னைவிட யாருக்குடா தெரியும்?"

எழுதியும் கொடுத்தார். கேஸ் தோற்றது. அன்றைக்கு டீக்கடைக்கு வந்து, "பாத்தியா, நான் சொன்னது சரியான தீர்ப்பு" என்றார். கோவிந்தன் அண்ணன் மீன் வெட்டும் கத்தியை எடுத்துவிட்டார். நாங்கள்தான் பிடித்து நிறுத்தினோம்.

போன மழையில் ஒரு காலை ஜட்ஜ் செத்துப்போனார். வாட்ஸப்பில் பாதிப் பேர் கும்பிடுகிற கை போட்டார்கள், பாதிப் பேர் சிரிக்கிற மூஞ்சி போட்டார்கள். வாசலுக்கு மட்டும் யாரும் வரவில்லை. முதலில் போனால் ஏரிக்கரை ஜனம் முகத்தில் முழிக்க முடியாது என்று ஆளாளுக்குத் தயக்கம். மகள் பிரான்சில், வந்து சேர வழியில்லை. இருட்டுவதற்குள் எடுக்க வேண்டும், தோள் கொடுக்க நான்கு பேர் இல்லை. அவர் மனைவி ஜட்ஜம்மா கேட்டுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். மேளக்காரர்கள் மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நானும் டீக்கடையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அப்போது கோவிந்தன் அண்ணன் சரவெடியோடு வந்தார். "ஒழிஞ்சான்டா!" என்று முச்சந்தியில் கொளுத்திப் போட்டார்.

எங்கள் ஊரில் பிணம் எடுக்கும்போதுதான் அப்படி வெடி போடுவார்கள். சத்தம் கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவது வழக்கம். எடுத்துவிட்டார்கள் என்று தெரு முழுக்க ஜனம் வந்து நின்றது. மேளக்காரர்கள் பதறி எழுந்து அடிக்கத் தொடங்கினார்கள். ஒரு ஆயா தன் பேரனிடம், "கோவிந்தனே வெடி போடறான், நமக்கு இன்னாடா? போய்த் தூக்கு" என்றார்.

ஜட்ஜம்மா வெளியே வந்து கைகூப்பினார். "நீயாவது வந்தியேப்பா. அவரு உன்னத்தான் சொல்லிக்கினே இருந்தாரு."

கோவிந்தன் அண்ணன் என்னைப் பார்த்தார். "இன்னாடா இது?" என்றார் மெதுவாக. பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். முன்பக்கம் அவர் தோள், அடுத்தது என்னுடையது. இடுகாடு வரைக்கும் முணுமுணுவென்று திட்டிக்கொண்டே வந்தார்.

குழியில் இறக்கினோம். மண் தள்ள ஆரம்பித்ததும் அவர் குரல் கேட்டது:

"டேய், கல்லு கட்டியெல்லாம் பொறுக்கிட்டுப் போடுங்கடா. ஆளு வெறும் எலும்பு."

நான் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையாலேயே பொறுக்கத் தொடங்கினேன்.