சிரிக்காமல் பதினாறு அடி

"சிரிக்காதேன்னு சொன்னேன்ல" என்றாள் தங்கை, போனைத் தாழ்த்தி. இது பதினான்காவது படம். பதினான்கிலும் பெரியவள் வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

"நான் எங்கடி சிரிச்சேன்? அதுவா வருது."

அதுவாகத்தான் வந்தது. துணிக்கடையில் எட்டு வருட வேலை. எதிரே ஒரு முகம் தெரிந்தால் போதும், உதடு தானாக விரியும், தலை தானாகச் சாயும். இடுப்பில் கைவைத்து நிற்கச் சொன்னால்கூட, ஐந்தே நொடியில் அந்தக் கை இறங்கி, இல்லாத மாடிப்படியைக் காட்டி, "மேல போய்ப் பாருங்க மேடம்" என்றது.

எட்டு வருடமாக ஒவ்வொரு உடையையும் தன் மேல் வைத்துக் காட்டியவள். வருகிறவர்கள் துணியைப் பார்ப்பார்கள், தையலைப் பார்ப்பார்கள், "இதே மாதிரி நீலத்துல இருக்கா?" என்பார்கள். துணிக்குப் பின்னால் ஒருத்தி நிற்பது யார் கண்ணிலும் பட்டதில்லை. ஒரே ஒரு தடவை தன்னையும் யாராவது பார்க்கமாட்டார்களா என்று அவள் ஏங்கிக் கிடந்தாள். பெரிய துணிக் கம்பெனி ஒன்று புதுமுக மாடல்களைத் தேர்ந்தெடுக்கப்போவதாக விளம்பரம் வந்தபோது இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. வயது வரம்பு இருபத்தெட்டு. அடுத்த மாதம் அவளுக்கு இருபத்தொன்பது. இதை விட்டால் இனி இல்லை.

"அழுகை வர்ற மாதிரி எதையாவது நினைச்சுக்கோ" என்றாள் தங்கை. வீடியோ பார்த்துப் பார்த்தே மாடலிங்கைக் கரைத்துக் குடித்தவள். மேடையில் நடக்கும் மாடல் சிரிக்கவே கூடாது என்பது அவள் தீர்ப்பு.

பெரியவள் கடை மேனேஜரை நினைத்தாள். அழுகை வந்தது, நிற்கத்தான் இல்லை. மூக்கு சிவந்து, மை கரைந்து, படத்தில் துக்கம் விசாரிக்க வந்தவள்போல் இருந்தாள்.

"சரி, கன்னத்தை உள்பக்கமா கடிச்சுக்கோ."

கடித்தாள். மறுநாள் கன்னம் வீங்கிவிட்டது. அம்மா வெந்நீரில் உப்பைக் கலக்கிக் கொண்டுவந்து, "எந்தப் பல்லு?" என்று கேட்டாள்.

"ஆளுங்களையே பார்க்காதே. தலைக்கு மேல, தூரமா பார்த்து நட."

அப்படியே நடந்தாள். ஏற்கெனவே கொடிக்கம்பம் என்று பேர் வாங்கிய உயரம். ஹீல்ஸ் வேறு. கதவு நிலை நெற்றியைப் பதம்பார்த்தது.

"எதுக்குடி இந்த வேண்டாத வேலை? இருக்கற முகத்தையும் தொலைச்சுட்டு நிக்கப்போறே" என்றாள் அம்மா, வீக்கத்தில் ஐஸ்கட்டியை அழுத்தியபடி.

"ஒரு தடவைம்மா. ஒரே ஒரு தடவை நடந்து பார்த்துடறேன்."

ஐஸ் வைப்பதற்காகப் பெரியவள் கழற்றிய மூக்குக்கண்ணாடியைத் தங்கை கையில் எடுத்து யோசித்தாள்.

"அக்கா, இது இல்லாம என் முகம் தெரியுதா?"

"மஞ்சளா ஏதோ தெரியுது."

"சிரிப்பு வருதா?"

வரவில்லை. எட்டு வருடத்தில் முதல் தடவையாக உதடு சொன்னபடி கேட்டது.

அன்றிலிருந்து கண்ணாடி இல்லாமலே பயிற்சி. பதினாறு அடி, நில், இடுப்பில் கை, மோவாயைத் தூக்கு, திரும்பு. ஒருநாள் எண்ணிக்கை பிசகி, துணி ஊறவைத்த வாளிக்குள் கால் போய்விட்டது. முகம் மட்டும் அசையவில்லை. "அப்படியே இரு" என்று தங்கை அதையும் படம் பிடித்தாள். எடுத்த படங்களிலேயே அதுதான் உருப்படி.

தேர்வு நாளும் வந்தது. கூட யாரையும் உள்ளே விடமாட்டார்கள். தங்கை வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"மூணாவது மாடி. யாரும் கைதட்ட மாட்டாங்க, பேசக்கூட மாட்டாங்க. பயந்துடாதே."

காவலாளியைப் பார்த்துச் சிரித்துத் தொலைக்கக் கூடாதே என்று, பெரியவள் வாசலிலேயே கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். லிஃப்டில் கீழிருந்து மூன்றாவது பொத்தானைத் தடவி எண்ணி அழுத்தினாள். இறங்கிய கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒரு சத்தமில்லை. தனக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று பதறி, "வணக்கம்" என்றாள். பதில் இல்லை. தங்கை சொன்னது சரிதான்.

நடந்தாள். பதினாறாவது அடியில் ஒருவர் கையைத் தூக்கியபடி இருந்தார். நிற்கச் சொல்கிறார் என்று நின்றாள். இடுப்பில் கை. மோவாய் மேலே. ஓரத்தில் இருந்தவரின் தலையே தெரியவில்லை. குனிந்து மார்க் போடுகிறார் போலும். மற்றவர்கள் இமைக்கக்கூட இல்லை. யாருக்கும் வேறு நிறம் வேண்டியிருக்கவில்லை. அத்தனை பேரும் அவளை, அவளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்த ஒரு நிமிஷம் போதும் என்று நினைத்தாள்.

திரும்பி வந்து, மூச்சு வாங்கியபடி கேட்டாள். "போதுங்களா சார்? இன்னொரு தடவை நடக்கட்டுமா?"

பின்னால் துடைப்பத்தோடு வந்த பெண்தான் பதில் சொன்னாள்.

"இது ரெண்டாவது மாடி. மேல் மாடியில இன்னும் ஆள் எடுத்துக்கிட்டுதாம்மா இருக்காங்க, சீக்கிரம் போங்க. இங்க நிக்கறது எல்லாம் கடைக்கு அனுப்பற பொம்மைங்க."