மாட்டுக்குப் போகிற பால்

இதில் ஒரு எழுத்துப் பொய்யென்றாலும், நாளைக்கு நான் ஏறுகிற ஜெயங்கொண்டம் பஸ் என்னைக் கொண்டுபோய் விருத்தாசலத்தில் இறக்கட்டும். கல்லங்குறிச்சிப் பெருமாள் சத்தியம். அப்படியும் நம்பிக்கை வரவில்லையா? அம்சவள்ளியின் செவலைப் பசுவைக் கேளுங்கள். அது என்னை மாதிரி இல்லை, பொய்யே சொல்லாது.

அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, அப்புறம் வேண்டாமென்று மறுபடி பெரம்பலூரோடு ஒட்டிவைத்திருந்த காலம். அரியலூரில் ஒரு ஆபீஸ். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். அதன் அதிகாரி அய்யம்பெருமாளுக்கு எந்நேரமும் வயிறு ஊதிக்கொண்டிருந்தது. திருச்சி டாக்டர் பார்த்துவிட்டு மாட்டுப்பால் கூடாது என்றார். அதிகாரி சோயாப்பாலுக்கு மாறினார். உடம்பெல்லாம் தடித்துப்போனது. "அதுவும் வேண்டாம். வேற ஏதாச்சும் செடிகொடிப் பாலாப் பாருங்க" என்று டாக்டர் கைகழுவிவிட்டார்.

மேலதிகாரிக்கு வயிறு ஊதும்போது கீழே உள்ளவர்களுக்கு ஊதாமலிருப்பது ஒழுங்கீனம் அல்லவா? ஒரே வாரத்தில் ஆபீஸ் முழுக்க ஊதிவிட்டது. "எனக்கும் மாட்டுப்பால் சேரல சார்" என்று தலைமை எழுத்தர் தங்கசாமி, மீசையில் ஒட்டின தயிர் காய்வதற்குள் சொன்னார்.

அடி விழுந்தது ஆபீஸ் மதிலோரம் டீக்கடை போட்டிருந்த அம்சவள்ளிக்கு. கடைக்குப் பின்னால் கட்டியிருக்கும் செவலை குறைவில்லாமல் கறந்தது. குடிக்கத்தான் ஆளில்லை.

இந்த நேரம் பார்த்து அதிகாரி புது வீடு கட்டி முடித்தார். பால் காய்ச்ச வேண்டும். மாட்டுப்பால் படியேறக் கூடாது என்பது அவர் கொள்கை. "பால் பொங்கி வழியலேன்னா அந்த வூட்டுல நான் கால் வெக்க மாட்டேன்" என்பது மனைவி ஜெகதாம்பாள் கொள்கை. அதிகாரி அம்சவள்ளியைக் கூப்பிட்டனுப்பினார்.

"செடிப்பால் காய்ச்ச வேண்டியது உன் பொறுப்பு. பொங்கிச்சுன்னா உன் கடை இருக்கிற இடத்துலயே இருக்கும்."

"பொங்கலேன்னா சார்?"

"உன் கடை ஆக்கிரமிப்புங்கிறது எனக்கு ஞாபகம் வந்துரும்."

எந்தப் பால் என்று பரிசீலிக்க உயர்மட்டக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. தங்கசாமி முந்திரிப்பால் என்றார். அவர் மச்சானுக்கு ஜெயங்கொண்டத்தில் முந்திரிக்காடு. பெரம்பலூர்க்காரர் அங்கமுத்து பருத்திப்பால் என்றார். அவர் வயலில் என்ன விளைகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விக்கிரமங்கலத்துக்காரர் ஒருவர் தேங்காய்ப்பால் என்று மேசையைத் தட்டினார். குழு தீர ஆராய்ந்து, யார் மனமும் நோகாத வகையில், மூன்றையும் காய்ச்சுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

கிரகப்பிரவேசத்தன்று முதல் காரியமாகச் செவலையைப் புது வீட்டுக்குள் அழைத்துப் பொட்டுவைத்துக் கும்பிட்டார்கள். மாடு வரலாம். அதன் பால்தான் வரக் கூடாது.

அப்புறம் மூன்று அடுப்பு மூட்டினார்கள். முந்திரிப்பால் கூழாகி அடிப்பிடித்தது. தேங்காய்ப்பால் திரிந்து எண்ணெய் கக்கியது. பருத்திப்பால் கொட்டாவி விட்ட மாதிரி ஒரு குமிழி விட்டு அடங்கிப்போனது. புரோகிதர் நல்ல நேரம் முடியப்போவதாகச் செருமினார். ஜெகதாம்பாள் குத்துவிளக்கும் கையுமாக வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். அம்சவள்ளி கண்ணுக்கு அவள் கடை தெரிந்தது. பக்கத்தில் ஒரு புல்டோசரும் தெரிந்தது.

அப்போது கொல்லையில் புஸ்ஸென்று ஒரு சத்தம். எல்லோரும் ஓடினார்கள். கல்லடுப்பில் ஒரு பானை வெள்ளைவெளேரென்று நுரைகட்டி, அதுவும் கிழக்குப் பார்த்து, பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

"பொங்கிருச்சு சார், பொங்கிருச்சு!" என்று தங்கசாமி குதித்தார். பெண்கள் குலவை போட்டார்கள்.

"இது என்ன பால்?" என்றார் அதிகாரி.

"ஐயையோ, பாலு இல்லீங்க சார்" என்று பதறினாள் அம்சவள்ளி. " பந்திக்கு அரிசி கழுவுன கழனித்தண்ணி. ஒரு பிடி நொய்யப் போட்டு மாட்டுக்கு வெச்சேன்."

"அப்போ மாட்டுப்பாலா?"

"இல்லீங்க. மாடு குடிக்கிறது."

அதிகாரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். "டாக்டர் கூடாதுன்னது மாட்டுக்கிட்டேருந்து வர்றது. மாட்டுக்குப் போறதப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லலையே. ஏன் தங்கசாமி, நெல்லு செடிதானே?"

"சாட்சாத் செடி சார்."

"சோயா கலந்திருக்கா?"

"சத்தியமா இல்ல சார்."

"அப்புறமென்ன? இது அரிசிப்பால். ஊத்து எல்லாருக்கும்."

ஜெகதாம்பாள் வலது காலை எடுத்துவைத்து உள்ளே வந்தாள். "முந்திரியெல்லாம் இதுகிட்ட நிக்குமா சார்?" என்று தங்கசாமி, மச்சானை அந்த இடத்திலேயே தலைமுழுகினார்.

அம்சவள்ளி கடை தப்பித்தது. 'அரிசிப்பால் டீ' என்று போர்டும் ஏறியது. விலை ஒரு ரூபாய் கூட. மலிவாகக் கொடுத்தால் உடம்புக்கு நல்லது என்று யார் நம்புவார்கள்? பெரம்பலூரிலிருந்தே ஜீப் போட்டுக்கொண்டு வந்து குடிக்கிறார்கள். தெருவில் ஒரு வீட்டுக் கழனித்தண்ணியும் மிஞ்சுவதில்லை.

மாடு என்ன குடிக்கும்? அம்சவள்ளிதான் என்ன செய்வாள்? கறந்து விலைபோகாத பாலைத் தொட்டியில் ஊற்றிவிடுகிறாள். செவலை அதை உறிஞ்சிக் குடித்துவிட்டு, மதிலோரம் வரிசையில் நின்று அதன் கழனித்தண்ணியைக் காசு கொடுத்துக் குடிக்கிற எங்களை அசைபோட்டுக்கொண்டே பார்க்கிறது. நாங்களும் ஊதி ஊதிக் குடிக்கிறோம்.

நான் சொன்னதாக மட்டும் யார் காதிலும் போட்டுவிடாதீர்கள். நாளைக் காலையில் நான் அந்த வரிசையில் நிற்க வேண்டும். எனக்கும் இப்போதெல்லாம் மாட்டுப்பால் சேர்வதில்லை.