தீ வருமுன் விசில் அடித்தவர்

பெரம்பலூர் மாவட்டத்தில் தீயைக் கண்டு பயந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். தீ வருவதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே பயந்தவர் எங்கள் கண்டக்டர் ஒருவர்தான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. பெரம்பலூர் - அரியலூர் தடத்தில் தனியார் பஸ்ஸில் முப்பது வருஷம் விசில் ஊதி ஓய்ந்தவர். பஸ்தான் ஓய்வு கொடுத்ததே தவிர, விசில் கொடுக்கவில்லை. அது சட்டைப் பையிலேயே இருந்தது.

நாங்கள் குடியிருந்த நகர் ஊருக்கு வெளியே, மக்காச்சோளக் காட்டைப் பிளாட் போட்டு விற்ற இடம். மொத்தம் பதினோரு வீடு. மீதி மனையெல்லாம் இடுப்பளவு காய்ந்த புல்லும் சீமைக் கருவேல முள்ளும். முகப்பில் கல்யாண மண்டபத்துக்குப் போடுகிற மாதிரி பெரிய ஆர்ச். உள்ளே போகவும் வெளியே வரவும் அது ஒன்றுதான் வழி. விற்றவர் அச்சடித்த நோட்டீஸில் இன்னொரு ரோடு இருந்தது. நோட்டீஸோடு சரி.

கண்டக்டர் குடிவந்த முதல் நாளே நகரை ஒரு சுற்று சுற்றிவிட்டு என் வாசலில் வந்து நின்றார்.

"சார், இது நகர் இல்ல. ஒத்த வாசல் வச்ச வைக்கப்போரு. ஒரு பீடித் துண்டு போதும்."

"நல்ல நாளும் அதுவுமா ஏண்ணே இப்படிப் பேசுறீங்க?" என்றேன். அன்றிலிருந்து நான் அவருக்கு விவரம் புரியாதவன்.

அவர் மூக்கு எங்களைப் பாடாய்ப் படுத்தியது. யார் வீட்டில் மிளகாய் தாளித்தாலும் வாளியோடு வந்துவிடுவார். "வூட்டுல சமையலா, பத்திக்கிச்சா?" என்று கேட்டு, சமையல் என்று தெரிந்தால் ஏமாந்த முகத்தோடு திரும்புவார். எங்கள் சங்கச் செக்ரட்டரி கிரகப்பிரவேசம் செய்தபோது, ஹோம குண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளி மணலைத் தூக்கிப் பிடித்தபடி கடைசிவரை நின்றார். ஐயருக்கு இரண்டு இடத்தில் மந்திரம் தடுமாறியது. செக்ரட்டரி அதை மறக்கவே இல்லை.

தீ வந்த வருஷம் தை மாசம் ஒத்திகை ஆரம்பித்தது. கேன் தண்ணீர் போடுகிற செந்திலின் குட்டியானை மினி லாரிதான் வண்டி. பைக் இருப்பவர்கள் பைக்கில் ஓட வேண்டும். இல்லாதவர்கள் குட்டியானையில். யார் யாருக்கு எந்த இடம் என்று பட்டியல் போட்டுப் படித்தார். கையில் எடுக்க வேண்டியது மூன்றே மூன்று: பத்திரம், ஆதார் கார்டு, மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை காலை விசில் ஊதினார். என் மனைவி மிக்ஸியோடு வந்தாள். செக்ரட்டரி தோளில் கேஸ் சிலிண்டரைச் சுமந்துகொண்டு வந்தார்.

"மடியில நெருப்பக் கட்டிக்கிட்டுன்னு சும்மா சொல்லுவாங்க சார். நீங்கதான் நெசமாவே கட்டிக்கிட்டு வர்றீங்க!" என்று கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டாவது ஒத்திகை இன்னும் மோசம். விசில் ஊதியதும் எல்லோரும் ஓடி வந்தோம். பைக் இருப்பவர்களும் சேர்ந்து குட்டியானைக்குள் ஆளுக்கொரு துண்டைப் போட்டு இடம் பிடித்தோம். பிறகு காபி குடிக்க வீட்டுக்குப் போய்விட்டோம். வண்டி நிறையத் துண்டு, கர்ச்சீப், ஒரு தலையணை உறை. ஆள் ஒருவர்கூட இல்லை. முப்பது வருஷம் ஜன்னல் வழியாக விழுந்த துண்டுகளோடு மல்லுக்கட்டிய மனிதர், அன்று வாய்விட்டு அழாத குறை.

ஒத்திகைக்கு ஒருமுறைகூட வராதவர் சத்துணவு அக்கா. பள்ளிக்கூடத்தில் சமைத்து ரிட்டையர் ஆனவர், தனிக்கட்டை, மகள் திருமானூரில். கருவேலங்காட்டை ஒட்டிய கடைசி வீடு அவருடையதுதான். கண்டக்டர் ஒவ்வொரு முறையும் போய் அழைப்பார். அக்கா ஜன்னல் வழியாகவே, "என் எடத்துல ஒரு புள்ளைய ஏத்துங்க தம்பி. நான் வரல" என்று அனுப்பிவிடுவார். ஆனாலும் டிரைவர் பக்கத்து சீட்டில் அக்காவுக்காகக் கண்டக்டரே தன் துண்டைப் போட்டு வைப்பார். நாங்கள் சிரிப்போம். அதிகம் சிரித்தவன் நான்தான்.

போன சித்திரையில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், காலி மனையில் யாரோ குப்பையைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். யாரென்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. மேலக்காற்று பிடித்துக்கொண்டது. விசில் கேட்டபோது ஒத்திகை என்றே நினைத்தேன். வெளியே வந்தால் வானமே தெரியவில்லை.

சொன்னால் நம்பமாட்டீர்கள், யாரும் முட்டிமோதவில்லை. அவரவர் இடத்தில் அவரவர் ஏறினோம். செக்ரட்டரி மட்டும் முன் சீட்டுத் துண்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிங்க. அது அக்கா எடம்."

"அந்தம்மாதான் வரலேன்னு சொல்லிட்டாங்களேய்யா!"

"அவங்க சொல்லுவாங்க. வுட்டுட்டுப் போவ முடியுமா?" கண்டக்டர் செந்தில் பக்கம் திரும்பினார். "இவங்கள மெயின் ரோட்டுல எறக்கிட்டு காலி வண்டியோட வா." சொல்லிவிட்டுப் புகை வரும் பக்கமாக நடந்தார்.

என் பெயர் பைக் பட்டியலில் இருந்தது. மனைவியைக் குட்டியானையில் ஏற்றிவிட்டேன். அன்று என் பைக் ஏனோ அவர் பின்னால் போனது.

அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பின்வேலி படபடவென்று எரிகிற சத்தம் உள்ளே கேட்டது.

"நாலு மாசமா முட்டி மடங்கல தம்பி. வாசலத் தாண்டுனதே இல்ல. நொண்டிக்கிட்டு வந்தா நின்னு பாப்பாங்களேன்னுதான் வரலேன்னு சொன்னேன். நீ போப்பா."

கண்டக்டர் கட்டில் அருகே போனார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா வண்டிய வாசலுக்கே கொண்டாந்திருப்பேன்ல அக்கா" என்றார். மூலையில் கிடந்த பிளாஸ்டிக் சேரை இழுத்தார்.

அக்காவை அதில் உட்கார வைத்து இருவரும் தூக்கினோம். பாதி வழியில் அக்கா, "அடுப்ப அணைச்சனான்னு பாருங்க தம்பி" என்றார்.

"அத இனிமே நெருப்பே பாத்துக்கும்" என்றவர், சேரை இறக்கிவிட்டு ஓடிப்போய்ச் சிலிண்டரை மூடிவிட்டுத்தான் வந்தார்.

திரும்பி வந்த செந்திலுக்குப் புகையில் வழி தெரியவில்லை. இவர் விசிலை ஊதி ஊதி, "வா, வா, வரலாம், லெப்ட்ல ஒடி" என்று பஸ் ஸ்டாண்டில் பின்னால் எடுக்கிற மாதிரி வாசல்வரை வரவழைத்தார். அக்காவை முன் சீட்டில் ஏற்றி, தானும் தொற்றிக்கொண்டார். நான் பைக்கில் பின்னாலேயே வந்தேன்.

தீயணைப்பு வண்டி வந்து அணைத்துவிட்டது. வேலிகள் போயின, செக்ரட்டரியின் தென்னம்பிள்ளைகள் போயின. அக்கா வீட்டு ஜன்னல் வெடித்து, அவர் உட்கார்ந்திருந்த கட்டில் முழுக்கக் கண்ணாடி.

சாயங்காலம் மெயின் ரோட்டுப் புளியமரத்தடியில் கண்டக்டருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"இவ்வளவு பயத்த வச்சிக்கிட்டு எப்படிண்ணே உள்ள போனீங்க?"

"பயம் இருந்திச்சுதான். ஆனா ஒரு ஆளு குறையுதே சார்."

இப்போது நான் மாற்றலாகி அரியலூரில் இருக்கிறேன். நல்ல வீடு. மூன்று பக்கமும் ரோடு. எந்தத் தீ வந்தாலும் ஓடிப் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் நான் வந்து சேராவிட்டால், "சாரக் காணுமே" என்று திரும்பி வந்து கதவைத் தட்ட இங்கே யாரும் இல்லை. அதை நினைத்தால் அந்த ஒற்றை வாசல் நகருக்கே திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றுகிறது.