மூடாத நட்சத்திரம்

மாப்பிள்ளையின் கணினித் திரையில் இரண்டு நட்சத்திரக் குறிகள் வந்து நின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை.

"வா, வா," என்றார் திரையைப் பார்த்து.

"யாரை வரச் சொல்றீங்க?" என்று அடுக்களையிலிருந்து மனைவி கேட்டாள்.

"உன்னை இல்ல."

"அது தெரியும். என்னை இவ்வளவு ஆசையா கூப்பிட்டதில்லையே."

பிரச்சினை சின்னதுதான். கேள்வி கேட்டால் பதில் சொல்லும் இயந்திரம் ஒன்று எங்கோ எதிர்முனையில் இருந்தது. வேறொரு நிறுவனத்தின் சரக்கு. அதன் பதில் எழுத்தெழுத்தாக வரும். தடித்துத் தெரிய வேண்டிய சொல்லுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நட்சத்திரம் இருக்கும். மார்க்டவுன் என்று அதற்குப் பெயர். பதில் வரவர அதை ஒழுங்கான பக்கமாக மாற்றிக் காட்டும் கம்போனென்ட் என்ற நிரல் துண்டை எழுதுவது மாப்பிள்ளையின் வேலை. வெந்நீர் ஹீட்டர் விற்கும் ஒரு முதலாளிக்கு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அதைக் காட்டியாக வேண்டும். அவருக்குப் பிடிக்காவிட்டால் வேலை இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே இரண்டு வேலை போயிருந்தது.

"இதுவும் போச்சுன்னா எங்க அம்மா முன்னாடி எந்த மூஞ்சியோட நிப்பீங்க?" என்றாள் மனைவி.

அவள் அம்மா நான்கு மாதமாக அவர்களோடு இருந்தார். கணவர் இறந்ததும் அவருடைய கிரீச்சிடும் நாற்காலியை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னறைக்கு வந்து சேர்ந்தவர். முப்பது வருடம் தட்டச்சராக இருந்தவர். "சும்மா உக்காந்தா அவர் இருமற மாதிரியே கேக்குது" என்று சொல்லி, ஏதோ ஏஜென்சி மூலம் வீட்டிலிருந்தே டைப் அடிக்கும் வேலை ஒன்றைப் பிடித்துக்கொண்டார். காலை பத்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொள்வார். என்ன வேலை என்று கேட்டால், "வெளியில சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க" என்பார்.

"ராணுவ ரகசியம் போல," என்று மாப்பிள்ளை மனைவியிடம் சிரிப்பார்.

நட்சத்திரத்துக்கு மாப்பிள்ளை ஒரு வழி செய்தார். திறக்கும் நட்சத்திரம் வந்தவுடனே எழுத்தைத் தடிமனாக்கிவிடுவது, மூடும் நட்சத்திரம் மெதுவாக வரட்டும் என்று விட்டுவிடுவது.

மூடும் நட்சத்திரம் வரவே இல்லை. பதில் முழுக்கத் தடித்துப்போனது.

மேலாளர் போன் செய்தார். "என்னப்பா, பதில் எல்லாம் சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கு? பக்கம் வேற நடுங்குது."

நடுங்கத்தான் செய்தது. ஒவ்வோர் எழுத்து வரும்போதும் கம்போனென்ட் முழுப் பதிலையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வரைந்தது. ஒரு பொத்தான் தைக்க, சட்டையையே ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தைப்பது போல. மடிக்கணினி அடுப்பாகக் கொதித்தது.

காலி வரி வந்தால் பத்தி முடிந்தது என்று வைத்துக்கொண்டார் மாப்பிள்ளை. முடிந்த பத்தியைப் பூட்டிவிட்டுக் கடைசிப் பத்தியை மட்டும் வரைந்தால் நடுக்கம் நிற்கும். மூடாத தடிமனும் அந்தப் பத்தியோடு ஒழியும்.

எதிர்முனை காலி வரியே விடவில்லை. இரண்டு பக்கப் பதில், ஒரே பத்தி.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் பொரிந்து தள்ளினார். "சுத்த மக்கு அந்த மிஷின். பத்தி பிரிக்கத் தெரியல. திறந்ததை மூடத் தெரியல."

"காகிதத்தை மிச்சம் பிடிச்சுப் பழகியிருக்கும்," என்றார் மாமியார்.

"மிஷினுக்கு ஏது அத்தை காகிதம்?"

"அதுவும் சரிதான்," என்று மாமியார் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார். அன்றைக்குப் பாதிச் சாப்பாடு தட்டிலேயே இருந்தது.

மறுநாள் வரிக்கு வரி காலி வரி விழுந்தது. பூட்டிய பத்திகளுக்கு ஒன்றையொன்று தெரியாது. ஆகவே பதிலில் வந்த பட்டியலின் ஏழு படிகளும் ஒன்று, ஒன்று, ஒன்று என்றே தொடங்கின.

அதைச் சரிசெய்து முடித்த கையோடு, புதன்கிழமை மாலை, பூட்டிய பத்திக்குக் கீழே இப்படி வந்தது: 'மேலே திறக்கவும் என்று இருப்பதைத் திறக்க வேண்டாம் என்று திருத்தி வாசிக்கவும். பிழைக்கு வருந்துகிறேன்.'

பூட்டியதைத் திறந்து திருத்த மாப்பிள்ளைக்கு வழியில்லை. மேலாளருக்கோ தலைகால் புரியவில்லை. "தன் தப்பைத் தானே ஒத்துக்குதுப்பா. மனுஷங்க கிட்டயே இது கிடையாது. நாளைக்குக் கையெழுத்து நிச்சயம்."

வியாழக்கிழமை பதினோரு மணி. திரையின் ஒரு மூலையில் மேலாளர், இன்னொரு மூலையில் ஹீட்டர் முதலாளி. மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார்.

"ஹீட்டர்ல தண்ணி ஒழுகுது, என்ன செய்யணும்னு கேளுங்க," என்றார் முதலாளி.

பதில் வரத் தொடங்கியது. 'முதலில் சுவிட்சை அணைக்கவும்.' பத்தி பூட்டிக்கொண்டது. நடுக்கம் இல்லை. மேலாளர் புன்னகை செய்தார். அடுத்த பத்தி: 'ஈரக் கையால் ஹீட்டரைத்...' பிறகு இரண்டு நட்சத்திரம் வந்த சுவடு தெரியாமல் மறைய, கன்னங்கரேலென்று ஒரு சொல் விழுந்தது: 'தொட'.

அங்கேயே நின்றது.

வெளியே இடி இடித்தது. பின்னறையில் நாற்காலி கிரீச்சிட்டது. கதவு திறந்து, மாமியார் மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் மொட்டைமாடிக்கு ஓடினார். மாப்பிள்ளை திரும்பவில்லை. கண் திரையை விட்டு அசையவில்லை.

"தொடணுமா, தொடக் கூடாதா?" என்று முதலாளி கேட்டார்.

"யோசிக்குது சார்," என்றார் மேலாளர்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? என் கஸ்டமர் ஈரக் கையோட நின்னுட்டிருக்கார்."

மாப்பிள்ளையின் கம்போனென்ட் மூடாத நட்சத்திரத்தை மூடித் தரும், உடைந்த பட்டியலை ஒட்டித் தரும். முடியாத வாக்கியத்தை முடித்துத் தராது. நம் பேச்சிலோ ஆமா இல்லையா என்பது கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. மேலாளரிடமிருந்து கைபேசிக்குத் தகவல் வந்தது: 'ஏதாவது பண்ணு.' பண்ண ஒன்றும் இல்லை. மழை கொட்டியது. மூன்று நிமிடம் போனது. தொட, தொட என்று கண்ணை உறுத்திக்கொண்டு அந்தச் சொல் மட்டும் நின்றது.

"கடைசி வார்த்தை சொல்லாத மிஷினை வச்சு நான் என்னங்க பண்றது?" முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அப்போது மாடிப்படிக் கதவு திறந்தது. ஒரு சுமை நனைந்த துணியோடு வந்த மாமியார், மாப்பிள்ளையின் தோளுக்கு மேலாக எட்டித் திரையைப் பார்த்தார்.

"'கூடாது'ன்னு முடியும் மாப்பிள்ளை. ரெண்டு நட்சத்திரமும் பாக்கி இருக்கு, கையைத் துடைச்சுட்டுப் போய் டைப் அடிச்சுடறேன்."