மொட்டை மாடியில் ஒரு வாஷிங் மெஷின் டிரம்

எல்லாம் உன்னால்தான்யா. பேர் சொல்ல மாட்டேன். போன் வீடியோவில் வந்து, கறுப்பு ஏப்ரன் கட்டிக்கொண்டு, ஒரு சொட்டு வியர்க்காமல் சிரித்தபடி, "வெயில் காலத்துல அடுப்பங்கரைப் பக்கமே போகாதீங்க, வெளியே கிரில் பண்ணுங்க, பத்தே நிமிஷம், ரொம்ப ஈஸி" என்றாயே, உன்னைத்தான் சொல்கிறேன். எந்த ஊரில் நின்றுகொண்டு சொன்னாய்? நான் இருப்பது திருத்தணி. இங்கே அக்கினி நட்சத்திரத்தில் மலைப்படி ஏறுகிறவன் படியில் கால் வைப்பதில்லை, குதிக்கிறான்.

என் பேர் பரந்தாமன். பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் போச்சு. மிச்சப் படிப்பெல்லாம் ஏமாந்து ஏமாந்து படித்தது. கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கிறது என்பார்கள். தப்பு. மூக்கே கோபத்தில் செய்ததுதான்.

என் மனைவி பிரபாவதி கேட்டது ஒரே ஒரு பொருள். சமையல்கட்டுச் சுவரில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன். சோறு வேகும் முன்னால் தான் வெந்துவிடுவதாக மூன்று கோடையாகச் சொல்கிறாள். அன்றைக்கும் சொன்னாள். நான் அப்போதுதான் உன் வீடியோவைப் பார்த்து முடித்திருந்தேன். வாய் சும்மா இருக்குமா? சமையல் என்ன மலையைத் தூக்குகிற வேலையா, ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் நானே ஆக்கிப் போடுகிறேன், ஈஸி என்று காட்டிவிட்டால் இந்த வீட்டில் ஃபேன் பேச்சே இருக்கக் கூடாது என்று கத்தினேன்.

பதிலுக்கு அவளும் கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். "ஆங், சரிங்க" என்றாள். பக்கத்து வீட்டுத் தபிதாளக்காவைச் சாட்சிக்கும் கூப்பிட்டாள்.

கடையில் கிடந்த வாஷிங் மெஷினைப் பிரித்து உள் டிரம்மை எடுத்தேன். சுற்றிலும் ஓட்டை. கரி போட்டால் காற்று தானாகப் புகுந்து வரும். மேலே ஒரு கம்பித் தட்டு. உன் அடுப்பைவிட என் அடுப்பு அழகு, தெரிந்துகொள்.

ஞாயிறு காலை ஞானப்பிரகாசம் கோழிக்கடைக்குப் போனேன். மற்ற நாளில் அவரிடம் அஞ்சு ரூபாய் குறைக்க அரைமணி நேரம் தொண்டை கிழிய வேண்டும். அன்றைக்குப் பாதி விலைக்குக் கேட்டேன். "எடுத்துக்கோ நைனா" என்று வெட்ட ஆரம்பித்துவிட்டார். கடையில் வேறு ஈ காக்காய் இல்லை. நான் வருவது தெரிந்து மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் பிரபாவதி பையைப் பார்த்தாள். பிறகு சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்தாள்.

"இன்னிக்குக் கிருத்திகைங்க."

இந்த ஊரில் கிருத்திகையன்று பாதிப் பேர் கறி தொட மாட்டார்கள். நானும்தான். கடை திறந்த வருஷம் காவடி எடுத்தபோது நானே வாய்விட்டு வேண்டிக்கொண்டது.

"நேத்தே சொல்றதுக்கு இன்னா?"

"நேத்து நீங்க கோவமா இருந்தீங்க. காலண்டரைக் காட்டினா அதையும் கிழிப்பீங்க."

கோழி சுவர் தாண்டித் தபிதாளக்கா வீட்டுக்குப் போனது. மருமகள் ப்ளெஸ்ஸி வந்திருக்கிறாளாம், மசாலா அரைத்துத் தயாராக இருந்தது. கோழி வரும் முன்பே மசாலா எப்படி வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அதற்குள் பிரபாவதி முறம் நிறைய கத்திரிக்காய், சோளம், குடைமிளகாய், மாங்காய்க் கீற்று எல்லாம் கொண்டுவந்து வைத்தாள். முதல் நாளே சந்தையில் வாங்கியதாம்.

கரி பிடிக்கவே முக்கால் மணி நேரம். மேலே சூரியன், கீழே டிரம், நடுவில் நான். செருப்பு தளத்தோடு ஒட்டிக்கொண்டது. புகை எந்தப் பக்கம் போவது என்று என்னைக் கேட்டுக்கொண்டு வந்தது போல நான் நகர்ந்த பக்கமெல்லாம் வந்தது. பிரபாவதியும் தபிதாளக்காவும் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஈஸியாங்க?"

"ரொம்ப ஈஸி" என்றேன். கண்ணில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

சும்மா சொல்லக் கூடாது, ருசி ஏமாற்றவில்லை. சுட்ட கத்திரிக்காயைத் தோலுரித்து, புளியும் பச்சை மிளகாயும் சேர்த்து அவள்தான் பிசைந்தாள். முதல் தட்டு எனக்கு. நான் சாப்பிடும்வரை முறத்தால் விசிறினாள். இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி விசிறியது கிடையாது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஜெயிச்சிட்டீங்க. எனக்கு ஃபேனே வேணாங்க" என்றாள். என் நெஞ்சு விரிந்தது. "இவ்ளோ ஈஸின்னா, கோடை முடியற வரைக்கும் தினமும் நீங்களே மாடியில ஆக்கிடுங்க. அக்கா, நீங்க சாட்சி."

"ஆங், கேட்டுகினுதான் இருக்கேன்" என்றாள் தபிதாளக்கா.

விரிந்த நெஞ்சு சுருங்கியது. நாளைக்கே ஃபேன் மாட்டிவிடுகிறேன் என்றேன். வேண்டாமாம், வீண் செலவாம். பழசு இல்லை, பெட்டி பிரிக்காத புதுசு என்றேன். அதுவும் வேண்டாமாம். ஜன்னலையும் பெரிசாக்குகிறேன் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்க ஆரம்பித்தாள். ஐயோ, இது என் தொழில் வித்தை. விலை படியாவிட்டால் நடையைக் கட்டு, நாலடிக்குள் கூப்பிடுவான். மூன்றாவது படியிலேயே நான் கூப்பிட்டுவிட்டேன்.

"இன்னாதான் வேணும், சொல்லித் தொலை."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஃபேன். ஜன்னல். ஞாயித்துக்கிழமை மட்டும் நீங்க."

ஒத்துக்கொண்டேன். ஏழு நாளை ஒரு நாளாகப் பேசி முடித்தேனே என்று சாயங்காலம் வரை பெருமையாகக்கூட இருந்தேன்.

இப்போது சமையல்கட்டில் காற்று ஊட்டி மாதிரி அடிக்கிறது. அங்கே உட்கார்ந்துதான் அவள் உன் வீடியோவைப் பார்க்கிறாள். ஞாயிறானால் நான் மாடியில். வரும் ஞாயிறு அவள் தம்பி வீட்டிலிருந்து பதினோரு பேர்.

கெடுத்தவன் நீ, சரிபண்ண வேண்டியவனும் நீ. இந்த வேலை கஷ்டம், ஆம்பளை உடம்பு தாங்காது என்று சனிக்கிழமைக்குள் ஒரு வீடியோ போடு. நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள், நீ சொன்னால் நம்புவாள். போட முடியாவிட்டால் காலை ரயிலில் நேரே புறப்பட்டு வா. கரி மூட்டையை மாடிக்குத் தூக்க ஆள் வேண்டும்.