உப்பளத்துல மூணு பந்து

ரெக்சன் அன்னைக்கு ஒரு முடிவோடதான் எந்திரிச்சான். இனிமே ஞாயித்துக்கிழமை தனக்கு. தனக்கு மட்டும்.

கல்யாணமானதுலருந்து பூசை முடிஞ்சா புன்னக்காயல் பஸ்ஸு. மாமியா வீடு. துறைமுகத்துல ஒரு ஆபீசே 'சார்'னு கூப்பிடுத ஆள, அங்கன தேங்கா துருவ உக்கார வச்சிருதாங்க! இது எந்த ஊரு நியாயம்? அதான் பொண்டாட்டி எமில்டாகிட்ட பந்தயம் போட்டான். ஒரு கப்பல் கேப்டன் விட்டுட்டுப் போன கோல்ஃப் மட்டை, மூணு பந்து. ஒண்ணாவது தூரத்துல நட்டு வைக்குற கொடிக்கம்பு பக்கத்துல விழுந்தா ஞாயித்துக்கிழமை அவனுக்கு. விழலைன்னா சாகுற வரைக்கும் தேங்கா.

"சரிங்க"ன்னா எமில்டா. எதுத்து ஒரு வார்த்தை பேசல. அப்பவே சுதாரிச்சிருக்கணும். சுதாரிச்சா அவன் எப்படி புருசன்?

முத பூசை முடிஞ்சதும் ரெண்டு பேரும் ஊருக்கு வெளிய, பாழாக் கெடந்த உப்பளத்துக்குப் போனாங்க. வலது பக்கம் கடல். காலை வெயில்ல தரை வெள்ளை வெளேர்னு மினுங்குது. ரெக்சன் கண்ணுக்கு அது உப்பாத் தெரியல, பச்சைப் புல்லாத் தெரிஞ்சுது. தூரத்துல துறைமுகத்து கிரேனெல்லாம் அவன் ஆட்டத்தப் பாக்கத்தான் கழுத்த நீட்டிக்கிட்டு நிக்க மாதிரி இருந்துச்சு.

எமில்டா இடது பக்கமா பிளாஸ்டிக் நாற்காலியப் போட்டு, குடைய விரிச்சு உக்காந்தா.

"பாத்துக்கோ எமில்டா. பந்துலருந்து கம்புக்கு ஒரு தண்டவாளம்னு வச்சுக்கோ. காலு, இடுப்பு, தோளு மூணும் பக்கத்துத் தண்டவாளம். தோளு இடது பக்கம் திரும்பிட்டா, மட்டை வெளியருந்து உள்ள குறுக்க வெட்டும். பந்து வளைஞ்சு வலது பக்கம் ஓடிரும்."

"வலது பக்கம் கடல்லாங்க?"

"ஆமா."

"அப்ப சூதானமா அடிங்க. சுக்குக் காப்பி வேணுமா?"

"வேண்டாம்ளா"ன்னு அவ பக்கம் திரும்பிச் சொல்லிட்டு, வீசுனான்.

பந்து எழும்புச்சு. வானத்துல கொஞ்ச நேரம் நின்னு, தான் யாருன்னு யோசிச்ச மாதிரி இருந்துச்சு. பிறகு மெதுவா வளைஞ்சு கடல்ல விழுந்துச்சு.

"முத்து எடுத்த கடலு. நீங்க திருப்பிக் குடுக்கீங்க."

ரெக்சன் வம்சமே கடல்காரங்க. நீரோட்டம் வலது பக்கம் இழுத்தா வள்ளத்த இடது பக்கம் திருப்பிப் புடி. பாலோட குடிச்ச பாடம். அதே மாதிரி இன்னும் இடது பக்கம் திரும்பி நின்னான். வள்ளத்துக்கு அது சரி. மட்டை வீசுறவனுக்கு? இப்பத்தான் அவனே வாயால சொன்னான்!

"வெயில் அடிக்கு"ன்னு எமில்டா நாற்காலிய இன்னும் இடது பக்கம் நகட்டுனா.

"நேரா நிக்கேனாளா?"

"என்னையப் பாத்து அம்சமா நிக்கீங்க."

ரெண்டாவது பந்து மொத பந்தத் தேடிக்கிட்டு இன்னும் ஆழத்துக்குப் போச்சு.

அப்பத்தான் ரெக்சன் கீழ பாத்தான். உப்புல அவன் காலடி பதிஞ்சிருந்துச்சு. ரெண்டும் கம்பு பக்கம் இல்ல, நாற்காலி பக்கம் சாஞ்சு கெடந்துச்சு.

"ஏளா! உங்கிட்டப் பேசிப் பேசி என் தோளு உம்பக்கமே திரும்புது. நீ வேணும்னே நகட்டுத!"

"நானா திருப்புனேன்? கல்யாணமானதுலருந்து அது தானாத் திரும்புதுங்க."

"அப்படியா? அப்ப கம்புகிட்டப் போய் நில்லு. உன்னையப் பாத்தா கம்பப் பாத்த கணக்கு!"

எமில்டா நடந்து போயி, கம்புக்கு முன்னால நின்னா. காத்து நின்னு போச்சு. அவ நீலச் சேலை வெள்ளை உப்புக்கு நடுவுல ஒரு துண்டுக் கடல் மாதிரி அசையாம நின்னுச்சு. காலு, இடுப்பு, தோளு... எல்லாம் மொத தடவையா ஒரே நேர்ல. ரெக்சனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. மட்டைய ஓங்குனான்.

"அடிங்க!" தூரத்துலருந்து கத்துனா. "எம்மேல பட்டா எங்க அண்ணங்க மூணு பேருகிட்டயும் நீங்களே சொல்லிக்கோங்க!"

ஓங்குன மட்டை அப்படியே அந்தரத்துல நின்னுச்சு.

"தள்ளி நில்லுளா!"

"தள்ளி நின்னா தோளு திரும்பிருமேங்க!"

மட்டை மெதுவா இறங்குச்சு. பந்து உப்புலயே கெடந்துச்சு.

அன்னைக்கு மத்தியானம் புன்னக்காயல்ல, துருவு பலகைல உக்காந்திருந்த மருமவனப் பாத்து மாமியா அசந்து போனா: காலு, இடுப்பு, தோளு, தேங்கா, நாலும் ஒரே நேர்ல இருந்துச்சு.